அயல்நாட்டு மேற்படிப்பு உதவித்தொகை (சேலம், நாமக்கல் வட்டாரம்)

இளங்கலை முடித்தவர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் முதுகலையோ முனைவர் பட்டமோ படிக்க அரசும் பல்கலைக்கழகங்களும் அறக்கட்டளைகளும் தரும் பணமே அயல்நாட்டு மேற்படிப்பு உதவித்தொகை. கல்விக் கட்டணம், தங்கும் செலவு, விமானக் கட்டணம், விசா, மருத்துவக் காப்பீடு அனைத்தையும் ஏற்றுக்கொண்டால் அது முழு உதவித்தொகை. கட்டணத்தில் ஒரு பங்கை மட்டும் கழித்துக் கொடுத்தால் பகுதி உதவித்தொகை. திருப்பிக் கட்ட வேண்டிய பணம் எந்தப் பெயரில் வந்தாலும் கடன்தான். ஆகவே 1892-இல் ஜாம்ஷெட்ஜி டாட்டா தொடங்கிய ஜே.என். டாட்டா அறக்கொடை, கடன் உதவித்தொகை என்ற பெயரோடு எத்தனையோ பேரைக் கப்பலேற்றியிருந்தாலும், இக்கட்டுரையில் இடம்பெறவில்லை. குமாரமங்கலம் ஜமீன்தார் ப. சுப்பராயன் ஆக்ஸ்ஃபோர்டிலும் அவர் மகன் மோகன் குமாரமங்கலம் கேம்பிரிட்ஜிலும் படித்தது இவ்வட்டாரத்தில் பலரும் அறிந்த செய்தி. அது வசதியுள்ள குடும்பத்தின் வரலாறு, உதவித்தொகையின் வரலாறு அன்று.

முற்கால வரலாறு

இந்திய மாணவர் இங்கிலாந்தில் படிக்க அரசு பணம் தரும் வழக்கம் 1868-இல் வைசிராய் ஜான் லாரன்ஸ் காலத்தில் தொடங்கியது. ஒருவருக்கு ஆண்டுக்கு 200 பவுண்டு. லண்டனில் இருந்த இந்திய விவகார அமைச்சருக்கு இது பிடிக்கவில்லை. திட்டம் விரைவிலேயே கைவிடப்பட்டு, 1886-இல் மீண்டும் உயிர் பெற்றது. அந்நாளில் சேலத்து மாணவருக்கு இது எட்டாக்கனி. சேலம் அரசு கலைக் கல்லூரியின் தோற்றம் 1857-ஆம் ஆண்டுப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது என்றாலும், பட்டம் வேண்டியவர் சென்னை போன்ற வெளியூருக்கு ரயிலேற வேண்டியிருந்தது. உதவித்தொகைக்கான தேர்வும் பரிந்துரையும் சென்னையைச் சுற்றியே நடந்தன.

இராமானுஜன் பெற்ற உதவித்தொகை

இவ்வட்டாரத்தோடு தொடர்புடையவற்றுள் தலையாயது சீனிவாச இராமானுஜனுக்கு 1914-இல் சென்னைப் பல்கலைக்கழகம் அளித்தது. வளர்ந்ததும் படித்ததும் கும்பகோணத்தில் என்பதால் அவரைத் தஞ்சைக் கணக்கில் எழுதுவோர் உண்டு. 1887 டிசம்பர் 22 அன்று அவர் பிறந்தது ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில்; குலதெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார். தாய்வழியில் அவர் இவ்வட்டாரத்தாரே.

மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்க்கும் எந்தக் குழுவும் அவரைத் தள்ளியிருக்கும். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதம் தவிர மற்ற பாடங்களைக் கவனிக்காமல், கையிலிருந்த உதவித்தொகையை இழந்தார். பின்னர் பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எஃப்.ஏ. என்ற இடைநிலைத் தேர்வில் தேறவில்லை. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கர் வேலை. 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜி.எச். ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் நிலைமையை மாற்றியது. அடுத்த மாதமே வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் அவருடைய குறிப்பேடுகளைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகப் பதிவாளருக்குப் பரிந்துரை எழுதினார். ஆராய்ச்சி உதவித்தொகைக்கு முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது வழக்கம். இராமானுஜனிடம் இளங்கலைப் பட்டம்கூட இல்லை. பல்கலைக்கழகம் விதியை ஒதுக்கி வைத்து 1913 மே 1 முதல் மாதம் 75 ரூபாய் கொடுத்தது.

கடல் கடந்து போக முதலில் அவர் இசையவில்லை. நாமக்கல்லில் நாமகிரித் தாயார் சன்னதியில் தங்கி உத்தரவு கேட்டதாகவும், அவருடைய அம்மா கோமளத்தம்மாளின் கனவில் தெய்வம் தோன்றித் தடையை நீக்கியதாகவும் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. கனவுக் கதை ஊரெங்கும் பரவிய அளவுக்குப் பணத்தின் கதை பரவவில்லை. 1914 தொடக்கத்தில் சொற்பொழிவுக்குச் சென்னை வந்த கேம்பிரிட்ஜ் கணிதர் ஈ.எச். நெவில், இந்த மனிதரைக் கண்டெடுத்தது கணித உலகின் பெரிய நிகழ்வாக அமையும் என்ற பொருளில் பதிவாளர் டியூஸ்பரிக்குக் கடிதம் எழுதினார். ஆளுநர் பென்ட்லண்டின் ஒப்புதலோடு ஆண்டுக்கு 250 பவுண்டு, இரண்டு ஆண்டுகளுக்கு, பயணத்துக்கும் உடைக்கும் தனிப் பணம் என உத்தரவாயிற்று. காலம் பின்னர் நீட்டிக்கப்பட்டது. மாதம் 60 ரூபாயைப் பிடித்துக் கும்பகோணத்தில் உள்ள குடும்பத்துக்கு அனுப்பிவிடும்படி புறப்படும் முன்பே அவர் ஏற்பாடு செய்துவிட்டார். மார்ச் 17 அன்று ‘நெவாசா’ கப்பல் கிளம்பியது. டிரினிட்டி கல்லூரி தன் பங்குக்கு 60 பவுண்டு கொடுத்தது. 1916-இல் ஆராய்ச்சிவழி பி.ஏ., 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் பட்டம்.

சென்னைப் பல்கலைக்கழகம் மறுபடியும் ஆண்டுக்கு 250 பவுண்டு தர முன்வந்தபோது, 1919 ஜனவரியில் இராமானுஜன் பதிலெழுதினார். பெற்றோருக்கு 50 பவுண்டு, தன் தேவைக்குரிய செலவு போக மீதியை ஏழைப் பிள்ளைகளின், அனாதைகளின் படிப்புக்குப் பயன்படுத்தலாம் என்பது அவர் கேட்டுக்கொண்டது. உதவித்தொகை பெற்றவரே உதவித்தொகை நிறுவ முயன்ற இச்செய்தி பாடநூல்களில் வராதது வியப்பே.

இந்தத் தேர்வு மதிப்பெண்ணால் நடக்கவில்லை, கடிதத்தால் நடந்தது. ஹார்டி, வாக்கர், நெவில் ஆகியோர் எழுதாமல் போயிருந்தால் 75 ரூபாயும் வந்திராது, 250 பவுண்டும் வந்திராது.

பிற்காலம்

1920களில் தாவரவியலர் ஜானகி அம்மாள் சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபடியே பார்பர் உதவித்தொகை பெற்று மிச்சிகன் சென்றார். ஆசியப் பெண்களுக்கென்றே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1917-இல் நிறுவப்பட்டது அது. சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் எஸ். சந்திரசேகர் அரசு உதவித்தொகையில் 1930 ஜூலை 31 அன்று கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். விடுதலைக்குப் பின் வாய்ப்புகள் பெருகின: 1950-இல் இந்திய, அமெரிக்க அரசுகளின் ஃபுல்பிரைட் உடன்பாடு, 1959-இல் முடிவெடுக்கப்பட்ட காமன்வெல்த் உதவித்தொகை, பின்னர் பிரிட்டனின் செவ்னிங், ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ்.

நடுவணரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1954-55 முதல் நடக்கிறது. பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற வேளாண் தொழிலாளர், மரபுக் கைவினைஞர் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 125 இடங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள், வயது 35-க்குள், தகுதிப் படிப்பில் 60 விழுக்காடு. 2022-இல் வந்த நெறிமுறைகள் இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுக்கு இப்பணம் கிடையாது என்றன. 1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா சென்ற அம்பேத்கர் அங்கே எழுதியது கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகத்தையும் நிதியையும் பற்றி. அவருக்கே இன்று இடம் மறுக்கக்கூடிய விதி தேவையற்றது.

பழங்குடியினருக்குத் தனியே ஆண்டுக்கு 20 இடங்கள். இதில் மாவட்ட எல்லை ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வாழும் மலையாளி என்னும் மலைவாழ் மக்கள் பட்டியல் பழங்குடியினர். ஈரோடு மாவட்டப் பர்கூர் மலையில் வாழும் அதே மக்கள், பட்டியல் பழைய மாவட்டங்களின் பெயரால் எழுதப்பட்டிருப்பதால், அந்தச் சான்றுக்காக நெடுங்காலமாகப் போராடி வருகின்றனர்.

விண்ணப்பம்

விண்ணப்பத்தில் மதிப்பெண் சான்றுகளோடு எஸ்.ஓ.பி. எனப்படும் நோக்கவுரை, ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது டோஃபல் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம் ஆகியவை வேண்டும். பலர் எதிர்பாராமல் இடறுவது இனிஷியலில். பத்தாம் வகுப்புச் சான்றில் ஓரெழுத்து இனிஷியல்; பாஸ்போர்ட்டில் அதுவே தந்தையின் முழுப்பெயராக விரிந்து குடும்பப்பெயர் ஆகிவிடும்; ஆங்கிலத் தேர்வுக்குப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் தர வேண்டும். மூன்றும் ஒருவரே என்று காட்டப் பிறகு பிரமாணப் பத்திரம் எழுத வேண்டியிருக்கிறது. மூன்றாண்டு பி.எஸ்சி. படித்தவரை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல நேரே முதுகலைக்கு ஏற்பதில்லை என்பதையும் கடைசி ஆண்டில்தான் அறிகிறார்கள். பரிந்துரைக் கடிதமோ பல கல்லூரிகளில் பெயரை மட்டும் மாற்றிய ஒரே படிவம்; தேர்வுக்குழு அதைப் படித்தவுடன் கண்டுகொள்ளும்.

இன்றைய நிலை

பட்டத்துக்கு வெளியூர் போக வேண்டியிருந்த இவ்வட்டாரத்தில் இன்று, ஓமலூர் வட்டத்துக் கருப்பூரில் 1966-இல் தொடங்கிய சேலம் அரசு பொறியியல் கல்லூரியும் 1997-இல் அமைந்த பெரியார் பல்கலைக்கழகமும் உள்ளன. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவருக்கு அம்பேத்கர் பெயரில் தமிழ்நாடு அரசும் அயல்நாட்டு உயர்கல்வி உதவி தருகிறது. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பழங்குடியினருக்கான சாதிச் சான்றை வட்டாட்சியர் தருவதில்லை, கோட்டாட்சியரே தருவார். விசாரணைக்கு நாளாகும் என்பதால் உதவித்தொகை அறிவிப்பு வரும்வரை காத்திராமல் முன்னதாகவே வாங்கி வைக்க வேண்டும்.