குழியில் அள்ளிய மணல்

கோல்ப் ஆட்டம் வில்வித்தைப் பயிற்சிக்கு இடையூறாகின்றதெனக் கருதி, ஸ்கொத்லாந்துப் பாராளுமன்றம் 1457ஆம் ஆண்டில் அதனைத் தடைசெய்தது. தடை நிலைக்கவில்லை, ஆட்டம் நிலைத்தது. 1744இல் எடின்பரோவை அடுத்த லீத் என்னுமிடத்துக் கனவான்கள் 13 விதிகளை எழுதிவைத்தனர். முந்திய குழியிலிருந்து ஒரு கோல் நீளத்துக்குள்ளேயே அடுத்த ஆட்டத்துக்குப் பந்தை வைத்தல் வேண்டும் என்பது முதல் விதி. இக்காலத்து ஆட்டக்காரர் கேட்டால் திடுக்கிடுவர். பந்தைச் சற்று உயர்த்தி வைக்க மணல் வேண்டுமன்றோ? அதனை அக்குழிக்குள்ளேயே கைவிட்டு அள்ளினர். ஆட ஆடக் குழி ஆழமாயிற்று. சூழவிருந்த புல் மிதிபட்டு மடிந்தது. விதி வழுவாது ஆடியவர்களே திடலைக் கெடுத்தனர் எனல் மிகையாகாது.

1864இல் சென் அன்றூஸ் திடலின் பராமரிப்பாளராக நியமனம் பெற்ற ரொம் மொறிஸ், பந்து செய்யும் தொழில் பயின்றவர். திறந்த சுற்றுப்போட்டியில் நான்குமுறை வென்றவர். மணல் தூவினால் புல் செழிக்கும் என்பதைக் கண்டு தாராளமாகத் தூவினார். தொடக்க அடிக்கு வேறிடங்கள் வகுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மனிதருக்கு ஓய்வு வேண்டாவிடினும் புல்லுக்கு வேண்டும் என்று அவர் சொன்னதாகக் கூறுவர். அங்குள்ள பழைய திடலில் இன்றும் ஞாயிறன்று பெரும்பாலும் ஆட்டமில்லை. ஊரார் காலாற உலாவுகின்றனர்.

பெயர்ந்த புற்கட்டியை மீள வைத்தல், மணற்பள்ளத்தில் கால்தடத்தை நிரவுதல், பந்து வீழ்ந்த வடுவைச் செப்பனிடல் ஆகியன நெடுங்காலம் விதிநூலில் மரியாதைப் பகுதியாகத் தனித்து நின்றன. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றை முதலாம் விதிக்குள்ளேயே சேர்த்தது. எனினும், திடலை நடத்துவோர் தனி ஒழுங்கு வகுத்திருந்தாலன்றி, புற்கட்டியை மறந்து நடப்பவருக்கு ஓர் அடியேனும் தண்டமில்லை.