ஈயம் காணாமல் போன பக்கம்

என் அப்பா அச்சுக் கோப்பவர். மதுரை வடக்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில், ட்ரெடில் மிஷின் ஓடிய சின்ன அச்சகத்தில் 31 வருஷம் நின்றார். ‘நின்றார்’ என்றுதான் சொல்ல வேண்டும். அது நின்றபடியே செய்கிற வேலை. இடது கையில் எழுத்தை அடுக்கும் ஸ்டிக், வலது கை எழுத்துக் கேஸில், கண் கையெழுத்துப் பிரதியில். எந்த எழுத்து எந்த அறையில் கிடக்கிறது என்பது விரலுக்குத் தெரியும். கோத்து முடித்த வரியைப் புரூஃப் எடுக்காமலே, இடவலம் மாறிய அந்த எழுத்திலேயே கடகடவென்று வாசித்துவிடுவார்.

அச்சகத்துக்கு வரும் பிரதிகளில் சிவப்புப் பென்சிலால் போர்மேன் ஏதாவது எழுதியிருப்பார். ‘24 பாயிண்ட்’, ‘போல்டு’, ‘இங்கே ரூல்’, ‘புதுப் பத்தி’. அவை அச்சில் வராது. எழுதியவருக்கும் வாசிப்பவருக்கும் சம்பந்தமில்லாத, அச்சகத்துக்குள் மட்டும் புழங்கும் பாஷை. ஆங்கில அச்சகங்களில் அதற்கு ‘மார்க்அப்’ என்று பெயர். வலைப்பக்கங்களை எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல் என்பதில் உள்ள ‘எம்’ அந்தச் சிவப்புப் பென்சில்தான் என்பது எனக்குப் பல வருஷம் கழித்தே தெரிந்தது.

அது வெறும் பெயர்ப் பொருத்தமும் இல்லை. வம்சாவளியே அச்சகத்திலிருந்துதான் தொடங்குகிறது. 1967-ல் கனடா அரசு அச்சகத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் வில்லியம் டனிக்ளிஃப் என்ற அமெரிக்க அச்சுத் துறைக்காரர் ஒரு யோசனை சொன்னார். ஓர் ஆவணத்தில் என்ன இருக்கிறது என்பது வேறு, அது எப்படித் தெரிய வேண்டும் என்பது வேறு; இரண்டையும் பிரித்துவிடலாம் என்றார். ‘இது 24 பாயிண்ட்’ என்று குறிக்காமல் ‘இது தலைப்பு’ என்று மட்டும் குறித்தால் போதும். எங்கள் வீட்டில் இதற்கு டனிக்ளிஃப் தேவைப்படவில்லை. பள்ளி ஆண்டு மலருக்கு நான் கட்டுரை எழுதி, தலைப்பை ஸ்கெட்ச் பேனாவால் தடிமனாக்கிக்கொண்டிருந்தபோது அப்பா சொன்னார்: “தலைப்புன்னு ஓரமா எழுதுனாப் போதும் தம்பி. எத்தன பாயிண்டுன்னு போர்மேன் பாத்துக்குவாரு.”

1969-ல் ஐபிஎம் நிறுவனத்தில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி என்ற மூவர் இந்த யோசனைக்குக் கணினியில் உருவம் கொடுத்தார்கள். கோல்ட்ஃபார்ப் சட்டம் படித்தவர். வழக்கறிஞர்களின் ஆவணங்களைக் கணினியில் கையாளுவதே அவர்களுக்குத் தரப்பட்ட வேலை. மூவர் பெயரின் முதலெழுத்துகளும் சேர்ந்து ஜிஎம்எல் ஆனது. அது வளர்ந்து 1986-ல் எஸ்ஜிஎம்எல் என்ற உலகத் தரமாயிற்று. ஜெனீவாவில் சேர்ன் இயற்பியல் கூடத்தில் ஆவணம் எழுதியவர்கள் அதில் ஒரு வகையைப் பயன்படுத்திவந்தார்கள். அங்கே வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ, வலைக்கு ஒரு மொழி தேவைப்பட்டபோது, சக ஊழியர்களுக்கு ஏற்கெனவே பழகியிருந்த தலைப்பு, பத்தி, பட்டியல் என்று குறிக்கும் டேக்குகளை எடுத்துக்கொண்டார். ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் ‘ஏ’ டேக்கைச் சேர்த்தார். 1991-ல் வெளியான முதல் பட்டியலில் மொத்தம் 18 டேக்குகள். என் அப்பாவின் கேஸில் இருந்த அறைகளோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. யாரும் இந்த டேக்குகளைக் கையால் எழுத வேண்டும் என்று பெர்னர்ஸ்-லீ நினைக்கவே இல்லை. 1990 கடைசியில் நெக்ஸ்ட் கணினியில் அவர் செய்த முதல் உலாவி, படிக்கவும் எழுதவும் ஒருசேர உதவியது. டேக்குகள் திரைக்குப் பின்னால் கிடக்கும், மனிதர் கண்ணில் படாது என்பதே அவர் கணக்கு. ஆனால் நெக்ஸ்ட் விலை அதிகம். வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர். மற்றக் கணினிகளுக்கென்று வந்த உலாவிகள் படிக்க மட்டுமே செய்தன. 1993-ல் உலகத்தை வலைக்கு இழுத்துவந்த மொசைக்கும் அப்படித்தான். எழுதக் கருவி இல்லாததால் ஜனங்கள் டேக்குகளையே நேரடியாகத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார்கள். போர்மேனின் ரகசிய பாஷையை ஊரே கற்றுக்கொண்டது. இது திட்டமிட்டு வந்த தொழிலே அல்ல. ஒரு குறையிலிருந்து பிறந்த தொழில்.

நான் அதற்குள் நுழைந்தது 1999 தொடக்கத்தில். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15-ல், விஎஸ்என்எல் மூலம். எங்கள் ஊர் டவுன்ஹால் ரோட்டில் பிரவுசிங் சென்டர் வந்தபோது மணிக்கு 50 ரூபாய் கேட்டார்கள். நான் அப்போது ஒரு டிடிபி கடையில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தேன். வாரம் ஒரு மணி நேரம்தான் கட்டுப்படியாகும். அந்த ஒரு மணி நேரத்தில் நான் பார்த்த மிகப் பெரிய அதிசயம், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மெனுவில் இருந்த ‘சோர்ஸ்’ என்ற சொல். அழுத்தினால் நோட்பேட் திறந்தது. எதிரே இருந்த பக்கம் எப்படிக் கோக்கப்பட்டது என்பது அப்படியே தெரிந்தது. அச்சான புத்தகத்தைத் திருப்பினால், பின்னால் அதைக் கோத்த அச்செழுத்துகளே தெரிந்தால் எப்படி இருக்கும்? அப்படி. எனக்கு யாரும் ஹெச்டிஎம்எல் சொல்லித்தரவில்லை. பிடித்த பக்கங்களின் சோர்ஸை பிளாப்பியில் போட்டு வந்து, கடை மூடியபின் ஒவ்வொரு டேக்காக நீக்கிப் பார்த்தேன். எது இடிந்து விழுகிறதோ அது அந்த டேக்கின் வேலை.

முதல் வாரம் நோட்பேட் என்னை ஏமாற்றியது. கோப்பின் பெயருக்குப் பின்னால் அதுவே ‘டாட் டிஎக்ஸ்டி’ என்று ஒட்டிவிடும். விண்டோஸ் அந்த வாலை மறைத்துவிடும். பக்கம் திறந்தால் டேக்குகள் டேக்குகளாகவே நிற்கும். இரண்டாம் வாரம், கடைக் கணினியில் அழகாகத் தெரிந்த படம் பிரவுசிங் சென்டரில் வெறும் கட்டமாக நின்றது. ‘சி’ டிரைவிலிருந்து படத்தை எடுக்கும்படி எழுதிவைத்திருந்தேன். உலகத்தில் யார் வீட்டு ‘சி’ டிரைவில் என் படம் இருக்கும்? மூன்றாம் வாரம் அட்டவணை. அதை மூடும் டேக்கை மறந்தாலும் எக்ஸ்ப்ளோரர் பெருந்தன்மையாகக் காட்டிவிட்டது. நெட்ஸ்கேப் உலாவி மொத்தப் பக்கத்தையும் வெள்ளையாக விட்டுவிட்டது. அப்பாவுக்குத் தெரிந்த புரூஃப் ரீடர்களிலும் இந்த இரண்டு ஜாதியும் உண்டு.

வெற்றிடம் எப்படிப் போடுவது என்பதில்தான் அப்பாவும் நானும் ஒரே தொழில்காரர்கள் என்று உணர்ந்தேன். ஹெச்டிஎம்எல்லில் ஸ்பேஸ் பாரை எத்தனை முறை தட்டினாலும் ஓர் இடைவெளிதான். ஆகவே அந்தக் காலத்தில் ஒரு பிக்சல் அகலம், ஒரு பிக்சல் உயரத்தில் கண்ணுக்குத் தெரியாத படம் ஒன்றைச் செய்து, தேவையான அளவுக்கு இழுத்து இடைவெளியாக வைப்போம். டேவிட் சீகல் 1996-ல் எழுதிய புத்தகத்தால் உலகம் முழுக்கப் பரவிய தந்திரம் அது. அப்பாவிடம் சொன்னேன். சிரித்தார். “எங்களுக்கும் சும்மா எடம் விட முடியாதுப்பா. வெத்தெடத்துக்கும் ஈயந்தான் வைக்கணும்” என்றார்.

அன்றே முடிவு செய்தேன், என் முதல் தமிழ்ப் பக்கம் அப்பாவின் தொழில் பற்றித்தான். ஜியோசிட்டீஸ் என்ற வலைத்தளத்தில் இலவச இடம் வாங்கினேன். அங்கே பேட்டை பேட்டையாகப் பிரித்திருந்தார்கள். கல்வி, எழுத்து வகையறாவுக்கு ‘ஏதென்ஸ்’ பேட்டை. அதில் வீட்டுக் கதவு எண் போல எனக்கும் ஒரு நான்கு இலக்க எண். டிடிபி கடையில் பழகியிருந்த பாமினி எழுத்துருவில் அடித்தேன். மூன்றாம் பத்தியில் இப்படி ஒரு வாக்கியம்: ‘எழுத்துகள் ஈயம், ஆன்டிமனி, வெள்ளீயம் கலந்து வார்க்கப்பட்டவை.’ உலாவியில் திறந்தால், ‘எழுத்துகள் ஆன்டிமனி, வெள்ளீயம் கலந்து வார்க்கப்பட்டவை.’ ஈயத்தைக் காணோம். மறுபடி அடித்தேன். மறுபடியும் காணோம். பக்கத்தில் நின்று பார்த்த அப்பா, “ஈயம் இல்லாம என்னடா டைப்பு?” என்றார்.

மூன்று நாள் கழித்துக் காரணம் பிடிபட்டது. பாமினி அச்சுக்காகச் செய்யப்பட்ட எழுத்துரு. ஆங்கில விசைகளின் மேல் தமிழ் எழுத்தின் உருவத்தைப் போர்த்தியிருந்தது, அவ்வளவே. அதில் ‘ஈ’ உட்கார்ந்திருந்த இடம், டேக்கைத் திறக்கும் கோணக்குறி. கால்புள்ளி உட்கார்ந்திருந்த இடம், டேக்கை மூடும் கோணக்குறி. நான் ‘ஈயம்’ என்று அடித்துக் கால்புள்ளி வைத்ததும் உலாவிக்கு அது ஏதோ ஒரு புது டேக். தெரியாத டேக்கைக் கண்டால் பேசாமல் விழுங்கிவிட வேண்டும் என்பது உலாவிகளின் விதி. வேறோர் இடத்தில் ‘ஈரத்துணி’ என்று எழுதியிருந்தேன். அங்கே அடுத்த கால்புள்ளி நான்கு வரி தள்ளி இருந்ததால் நான்கு வரியும் போயின. ‘ஈ’ வரும் இடமெல்லாம் ஆம்பர்சண்ட், எல், டி, அரைப்புள்ளி என்று நான்கு விசை தட்டினால் ‘ஈ’ தெரியும் என்று ஒரு ஜெராக்ஸ் புத்தகத்தில் கண்டுபிடித்தேன்.

நான் மதுரையில் இப்படி முட்டிக்கொண்டிருந்தபோது வெளியே பெரிய வேலைகள் நடந்துகொண்டிருந்தன. சிங்கப்பூரில் ஆசிரியர் நா. கோவிந்தசாமி 1995-லேயே தமிழ்க் கவிதைகளை வலையில் ஏற்றியிருந்தார். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாக வலையில் போட்டார்கள். பெயர்தான் மதுரை. அதை நடத்திய வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம் இருந்தது சுவிட்சர்லாந்தின் லோசானில், வலை பிறந்த ஜெனீவா நிற்கும் அதே ஏரிக்கரையில். அவர்கள் கையாண்ட டிஸ்கி குறியேற்றம் ஆங்கில எழுத்துகளையும் கோணக்குறிகளையும் தொடாமல், மேல் பாதி இடங்களில் தமிழை வைத்தது. ஆகவே டேக்கும் தமிழும் சண்டையிடாமல் ஒரே கோப்பில் வாழ்ந்தன. சோர்ஸைத் திறந்தால் மட்டும் ‘தமிழ்’ என்ற சொல் முக்கால் என்னும் பின்னம், தலையில் கோடு போட்ட ஏ, சென்ட் காசுக் குறி, தலையில் கோடு போட்ட யூ என்று நிற்கும். அதிலும் ஒரு வினை இருந்தது. முதலில் ‘இ’க்குக் கொடுத்த 173-ம் இடம், சொல்லை உடைக்கும் மறைவுக் கோட்டுக்கு உரியது. சில உலாவிகள் அதைக் காட்டாமல் விட்டன. ‘இல்லை’ என்பது ‘ல்லை’ ஆயிற்று. அடுத்த பதிப்பில் ‘இ’யை 254-க்குக் குடிபெயர்த்தார்கள். பாமினியில் ஈ, டிஸ்கியில் இ. குறிலும் போய் நெடிலும் போன காலம் அது.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அதன் பின் தமிழக அரசு டேப், டேம் என்ற குறியேற்றத் தரங்களை அறிவித்தது. தரங்கள் பெருகின, பக்கத்துக்குப் பக்கம் எழுத்துரு மாறியது. அந்நாளையத் தமிழ்ப் பக்கங்கள் பலவற்றில் முதல் வரி ஆங்கிலத்தில் இருக்கும்: இந்த எழுத்துருவை இறக்கிக்கொண்டு வாருங்கள். பிறகு வாசல் கதவு திறக்கும். யூனிகோட் 1991-லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தாலும், விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்த பிறகே அது எங்கள் மேசைக்கு எட்டியது.

கையால் கோக்கும் காலம் அதற்குள் சாயத் தொடங்கியிருந்தது. ஃபிரண்ட்பேஜ், டிரீம்வீவர் போன்ற மென்பொருள்கள், பெர்னர்ஸ்-லீ முதலில் நினைத்தபடியே டேக்குகளைத் திரைக்குப் பின்னால் தள்ளின. கல்யாணப் பத்திரிகை அடித்தவர்கள் கண்ணால் பார்த்தே வலைப்பக்கம் செய்தார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அப்பாவின் அச்சகம் ஆஃப்செட்டுக்கு மாறியபோது எழுத்துக் கேஸ்களை எடைக்குப் போட்டார்கள். அவரும் ஒருநாள்தான் சாப்பிடாமல் இருந்தார். ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபர் 26-ல் மூடப்பட்டது. ஏதென்ஸில் என் வீடும் போயிற்று.

பிளாப்பி மட்டும் தப்பித்தது. போன வருஷம் ஒரு யுஎஸ்பி பிளாப்பி டிரைவில் போட்டுக் கோப்பைத் திறந்தேன். தலைப்பு பெரிதாக வந்தது. அட்டவணை கோணாமல் நின்றது. சிவப்புக் கோடு ஓடியது. 1999-ல் நோட்பேடில் தட்டிய ஒரு டேக்கைக்கூட இன்றைய உலாவி மறுக்கவில்லை. படிக்க முடியாமல் போனது தமிழ் மட்டும்தான். பாமினி இல்லாத கணினியில் அது வெறும் ஆங்கிலக் குப்பை. டேக்கு ‘இது தலைப்பு’ என்று பொருளைச் சொன்னது, நின்றது. எழுத்துரு ‘இப்படித் தெரி’ என்று தோற்றத்தை மட்டும் சொன்னது, போனது. என் ஸ்கெட்ச் பேனாவைப் பார்த்து அப்பா அன்றைக்குச் சொன்னதும் இதுதான்.

கோப்பை மொத்தமாக யூனிகோட் மாற்றியில் போட முடியவில்லை. அது டேக்குகளையும் தமிழென்று நினைத்து மாற்றியது. பத்தி பத்தியாக எடுத்து மாற்றினேன். அப்படியும் ஈயம் வரவில்லை. நான் தட்டியிருந்த ‘எல், டி, அரைப்புள்ளி’யை எழுத்தென்று வாசித்த மாற்றி, ‘டவ்யம்’ என்று முடியும் ஒரு சொல்லைக் கொடுத்தது. அதை அழித்துவிட்டு ‘ஈ’ என்று கையால் அடித்தேன். இப்போது பக்கம் எந்தக் கணினியிலும் திறக்கிறது. மூன்றாம் பத்தியில், ஆன்டிமனிக்கு முன்னால், ஈயம் அதன் இடத்தில் இருக்கிறது.