நிகழ்வும் பதிவும்: ஊவாத் தோட்டப்புற ஆற்றுகை மரபு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு மக்கட் கூட்டத்தினரின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் நாடுவது ஏடுகளையும் கல்வெட்டுக்களையும் அரசாங்க அறிக்கைகளையுமேயாம். எழுத்தறிவு நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்த மக்களைப் பொறுத்தவரையில் இத்தகைய சான்றுகள் அவர்களைப் பற்றிப் பிறர் எழுதியனவாகவே அமைந்துவிடுகின்றன. அவர்கள் தம்மைப் பற்றித் தாமே கூறியவை பாட்டிலும் கூத்திலும் ஒப்பாரியிலுமே தங்கியுள்ளன. பாட்டும் கூத்தும் நிகழும் கணத்திலே தோன்றி அக்கணத்திலேயே மறைபவை. எனவே நிகழ்வு எவ்வாறு பதிவாகின்றது, யாரால் பதிவாகின்றது, பதிவாகாதவிடத்து என்ன நேர்கின்றது என்னும் வினாக்கள் கலை பற்றியவை மட்டுமல்ல. அவை வரலாறு பற்றியவையுமாகும். பதுளையைத் தலைநகராகக் கொண்ட ஊவா மாகாணத்துப் பெருந்தோட்ட மக்களின் ஆற்றுகை மரபை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் பொருளாகும்.

மேனாட்டு எடுத்துக்காட்டு ஒன்று

பதிவின் ஆற்றலை விளங்கிக்கொள்வதற்கு, ஊவாவுக்கு வெகு தொலைவிலுள்ள ஓர் எடுத்துக்காட்டை முதலில் நோக்குதல் பயன் தரும். 1968 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தோன்றிய 'டீப் பேர்ப்பிள்' என்னும் றொக் இசைக்குழு, வன்மையான மின்கிற்றார் ஒலிக்கும் உரத்த வாத்திய முழக்கத்துக்கும் பெயர் பெற்றது. அக்குழுவின் ஓர்கன் வாத்தியக் கலைஞரான ஜோன் லோர்ட், றொக் குழுவும் மேலைச் செவ்வியல் வாத்தியக் குழுவும் ஒருங்கே இசைப்பதற்கென மூன்று பகுதிகள் கொண்ட இசையாக்கம் ஒன்றை அமைத்தார். அது 1969 செப்ரெம்பர் 24 இல் இலண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்தில், மல்கம் ஆர்னோல்டின் நெறிப்படுத்தலில், றோயல் பில்ஹார்மொனிக் வாத்தியக் குழுவினருடன் அரங்கேறியது. அந்நிகழ்ச்சி ஒலிப்பதிவும் செய்யப்பட்டது, படமாகவும் பிடிக்கப்பட்டது.

மறு ஆண்டிலேயே அவ்விசையாக்கத்தின் எழுத்துப்படி தொலைந்துபோயிற்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அதனை மீள இசைக்க வழியில்லாதிருந்தது. பின்னர் ஒல்லாந்து நாட்டு இசையமைப்பாளரான மார்கோ டி கூய் என்பார் அப்பழைய இசைத்தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டும், படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தும், வாத்தியங்களுக்குரிய சுரக்குறிப்புக்களை மீட்டெழுதினார். அவ்வுழைப்பை அடித்தளமாகக் கொண்டு 1999 செப்ரெம்பர் 25, 26 ஆம் நாட்களில் அதே மண்டபத்தில், போல் மானின் நெறிப்படுத்தலில், இலண்டன் சிம்பனி வாத்தியக் குழுவினருடன் அவ்விசையாக்கம் மீண்டும் ஒலித்தது. இந்நிகழ்ச்சியும் இசைத்தட்டாகவும் வீடியோப் படமாகவும் வெளிவந்தது.

இக்குழுவின் மற்றொரு பதிவும் ஈண்டுக் கருதத்தக்கது. 1972 ஓகஸ்ற் 15, 16 ஆம் நாட்களில் யப்பானின் ஒசாகா நகரிலும், 17 ஆம் நாள் தோக்கியோவிலும் நிகழ்ந்த மூன்று இரவுக் கச்சேரிகளிலிருந்து தெரிந்தெடுத்த பகுதிகள் 'மேட் இன் ஜப்பான்' என்னும் இரட்டை இசைத்தட்டாக வெளிவந்தன. ஒரே பாடல் ஒவ்வோர் இரவிலும் வெவ்வேறு வடிவம் கொள்ளும் என்பதும், அவையினரின் ஆரவாரமும் இசையின் ஒரு கூறே என்பதும் இத்தகைய மேடைப் பதிவுகளால் உலகெங்கும் உணரப்பட்டன. கலையகத்துப் பதிவில் கலைஞர் மட்டுமே உளர். மேடைப் பதிவில் அவையும் உளது.

ஆகவே நல்ல மேடைப் பதிவு ஒன்று இரு பணிகளை ஆற்றுகின்றது. நிகழ்வு எத்தகையதாயிருந்தது என்பதைப் பின்னோருக்கு அறிவிப்பது ஒன்று. மூலம் அழிந்துபட்டவிடத்து அதனை மீட்டெடுக்கத் துணைநிற்பது மற்றொன்று. இவ்விரண்டையும் அளவுகோலாகக் கொண்டு ஊவா மலைகளை நோக்குவோம்.

ஊவாவில் குடியேற்றம்

1817-18 ஆம் ஆண்டுகளின் கிளர்ச்சியை ஆங்கிலேயர் கொடுமையாக அடக்கிய பின்னர் ஊவா பாழ்பட்டுக் கிடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோப்பிச் செய்கை பரவத் தொடங்கியதும் திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளிலிருந்து உழைப்பாளர் கங்காணிமாரால் அழைத்துவரப்பட்டனர். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தொழிக்க, தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. 1886 இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1890 இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளையை அடுத்த தம்பேதன்னையில் தொழிற்சாலை அமைத்தார். 1924 இல் புகையிரதப் பாதை பதுளையை எட்டியது. அப்புத்தளை, பண்டாரவளை, தெமோதரை, ஹாலி-எல, பசறை, நமுனுகுலை, மடூல்சீமை, லுணுகலை எனத் தோட்டங்கள் மலைக்கு மலை விரிந்தன.

இம்மக்கள் கொண்டுவந்த உடைமைகள் சிலவே. தெய்வங்களையும் பாட்டுக்களையும் கூத்துக்களையும் அவர்கள் நினைவிற் சுமந்து வந்தனர். தோட்ட நிருவாகம் செக்றோலில் அவர்களின் பெயரையும் வேலை நாட்களையும் பதிந்தது, கொழுந்தின் இறாத்தலைப் பதிந்தது, கடனைப் பதிந்தது. இரவில் லயத்து முற்றத்தில் அவர்கள் ஆடியதையும் பாடியதையும் பதியவேண்டிய தேவை அதற்கு இருக்கவில்லை.

தப்பும் காமன் கூத்தும்

தோட்டத்து ஒலிகளுள் முதன்மையானது தப்பு. மரச்சட்டத்தில் தோல் போர்த்து, தீயிற் காய்ச்சிச் சுருதி சேர்த்து, இரு குச்சிகளால் முழக்கப்படும் இவ்வாத்தியம் விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்தது. திருவிழாவில் தெய்வத்தை அழைத்தது. சாவு வீட்டில் உறவினரை அழைத்தது. துரைமாரின் நேர ஒழுங்குக்கும் மக்களின் சடங்கு ஒழுங்குக்கும் ஒரே கருவி பயன்பட்டமை தோட்ட வாழ்வின் இரட்டைத்தன்மையைப் புலப்படுத்துகின்றது. தப்படித்தோர் பெரும்பாலும் பறையர் சமூகத்தினராய் இருந்தனர். அவர்களின் கலை விரும்பப்பட்டவிடத்தும் அவர்கள் இழிவாக நோக்கப்பட்டனர் என்னும் உண்மையையும் மறைத்தலாகாது. நிருவாகம் அவர்களின் முழக்கத்தைப் பதியாமைக்குக் காரணம் அலட்சியம் எனில், எழுத்தறிந்த தமிழர் பலர் அதனைப் பொருட்படுத்தாமைக்குச் சாதியுணர்வும் ஒரு காரணமாயிருந்தது எனலாம்.

மலையகத்தில் பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு முதலிய கூத்துக்களும் ஆடப்பட்டு வந்துள்ளன. எனினும் தோட்டம் முழுவதையும் ஆட்கொள்வது காமன் கூத்தே. மாசி மாதத்து அமாவாசையை அடுத்துக் கம்பம் நாட்டுவதோடு இது தொடங்குகின்றது. சிவனுடைய தவத்தைக் கலைக்கத் தேவர்களால் ஏவப்படும் மதன், தீக்கனவு கண்டு தடுக்கும் மனைவி ரதியின் சொல்லைக் கேளாது செல்கின்றான், மலர்க்கணை தொடுக்கின்றான், நெற்றிக்கண்ணால் எரிக்கப்படுகின்றான். ரதியின் புலம்பலுக்கு இரங்கிய சிவன், அவள் கண்ணுக்கு மட்டும் புலப்படுமாறு அவனுக்கு உயிரளிக்கின்றான்.

ரதி, மதன் வேடங்களை ஆடவரே தாங்குவர். அவர்கள் நோன்பிருப்பர். பகலெல்லாம் மலையில் வேலை செய்துவிட்டு இரவில் லயம் லயமாகச் சென்று ஆடுவர். நிறைவு இரவில் தூதன், நந்தி, வீரபத்திரன் எனப் பாத்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வர, தப்பின் அடி பாத்திரத்துக்குப் பாத்திரம் மாறும். வைகறையில் மதன் எரியும்போது அவையினர் பார்வையாளராய் நிற்பதில்லை. பெண்கள் ரதியோடு சேர்ந்து அழுவர். தத்தம் வீட்டில் மாண்டோரை நினைந்து ஒப்பாரி வைப்பர். தாய்நாட்டைப் பிரிந்து, வழியிலும் காட்டிலும் உறவினரைப் பறிகொடுத்த மக்களுக்கு ரதியின் புலம்பல் புராணக் கதையாய் மட்டும் இருந்திருக்க இயலாது. மேலேயிருந்து வந்த கட்டளையை நிறைவேற்றச் சென்றவன் சாம்பலாவதும், அவனை ஏவியோர் வாளாவிருப்பதும் தோட்டத் தொழிலாளிக்கு நன்கு விளங்கக்கூடிய கதையேயாம்.

இக்கூத்தின் பனுவல் எங்கே உளது? ரதி ஆடியவர் நினைவில் ஒரு பகுதி; அண்ணாவியார் நினைவில் ஒரு பகுதி; தப்படித்தவர் விரல்களில் ஒரு பகுதி; ஒப்பாரி வைத்த கிழவியின் நாவில் ஒரு பகுதி. அனைவரும் ஓரிடத்திற் கூடும்போதே அது முழுமை பெறுகின்றது.

எழுத்திற் பதிந்தோர்

தோட்டத்துப் பாட்டை எழுத்தோடு இணைத்த முன்னோடிகளுள் கோ. நடேசய்யரும் அவர்தம் துணைவியார் மீனாட்சி அம்மையாரும் குறிப்பிடத்தக்கவர்கள். தொழிற்சங்கக் கூட்டங்களில் மீனாட்சி அம்மையார் மக்கள் அறிந்த மெட்டுக்களிற் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். அப்பாடல்கள் சிறு நூல்களாக அச்சேறின. 1940 இல் பதுளையை அடுத்த வேவெஸ்ஸத் தோட்டம் உட்பட மலையகத்தின் பல பகுதிகளில் வேலைநிறுத்தங்கள் வெடித்த காலத்தில், பாட்டு பொழுதுபோக்கு என்னும் நிலையைக் கடந்து அரசியற் கருவியாகவும் விளங்கியது.

நாட்டார் பாடல்களைத் தொகுத்தவர்களுள் சி. வி. வேலுப்பிள்ளை (1914-1984) தலையாயவர். மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்து, 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகவும் விளங்கிய அவர், தோட்டந்தோறும் கேட்ட பாடல்களைத் திரட்டி 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் நூலாக்கினார். சாரல் நாடன், மாத்தளை வடிவேலன் முதலியோர் வாய்மொழி இலக்கியத்தையும் பாரம்பரியக் கலைகளையும் பற்றி எழுதி இப்பணியைத் தொடர்ந்தனர்.

இவர்தம் தொண்டு போற்றுதற்குரியது. எனினும் அச்சு சொல்லையே காக்கும். அடவையும் அடியையும் குரலின் நடுக்கத்தையும் அது காவாது. டி கூய் கையிற் பாடல் வரிகள் மட்டுமே இருந்திருப்பின் ஜோன் லோர்டின் இசையாக்கம் மீண்டிராது என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றை மேடையேற்றி வடக்குக் கிழக்குக் கூத்துக்களுக்குப் புத்துயிர் அளித்தபோது, அவற்றின் ஆட்டமுறை அறிந்த அண்ணாவிமார் உயிரோடிருந்தமையாலேயே அது கைகூடிற்று. அதே பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்த மலைகளில் ஆடப்பட்ட காமன் கூத்து அத்தகைய கவனத்தை அக்காலத்திற் பெறவில்லை.

சிதறலும் இழப்பும்

1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964 ஒக்ரோபரில் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பதுளையிலிருந்து புறப்பட்ட குடும்பங்கள் மலையிறங்கி, தலைமன்னார் சென்று, கப்பலேறி இராமேஸ்வரம் அடைந்தன. 1984 இல் கப்பற் சேவை நின்றுபோகும் வரை இப்பயணம் நீடித்தது.

இப்பங்கீட்டைத் தலைக்கணக்காகவே வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஆற்றுகை மரபின் நோக்கில் அது பனுவலின் பங்கீடுமாகும். ரதியாடியவர் கோத்தகிரிக்கும், தப்படித்தவர் கூடலூருக்கும் சென்றுவிட, மதனாடியவர் மட்டும் பசறையில் எஞ்சுவாராயின் அத்தோட்டத்துக் கூத்து எங்குமே முழுமையாக இல்லை என்பதே பொருள். தொலைந்த சுரப்படி ஓரிடத்தில் என்றேனும் அகப்படலாம். கடலின் இரு கரைகளிலும் சிதறிய நினைவு தானாக ஒன்றுசேராது.

1977 இன் பின் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்ததும் ஒலிநாடாக் கருவிகள் நாட்டிற் பெருகின. 1982 இல் ரூபவாஹினி தொடங்கியது. வாய்ப்பு கைக்கெட்டியது போலத் தோன்றினும், அக்கருவிகள் தோட்டத்துக் குரலைப் பதிவதற்குப் பயன்பட்டதிலும் பார்க்கத் தென்னிந்தியத் திரைப்பாடல்களைத் தோட்டத்துள் ஒலிப்பதற்கே மிகுதியாகப் பயன்பட்டன. கோயில் ஒலிபெருக்கி பாட, பாடத் தெரிந்த கிழவர் கேட்போராயினர்.

2014 ஒக்ரோபர் 29 ஆம் நாள் காலை கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மண்ணுள் புதைத்தது. உயிரிழப்பும் குடியிருப்பின் அழிவும் செய்தியாயின. அத்தகைய குடியிருப்பு ஒன்று புதையும்போது அங்கு வாழ்ந்தோரின் பாட்டும் கதையும் உடன் புதைகின்றன. அவ்விழப்பைக் கணக்கிட எந்தச் செக்றோலும் இல்லை.

முடிவுரை

இன்று ஒலியையும் காட்சியையும் பதியும் கருவி ஏறத்தாழ ஒவ்வொருவர் கையிலும் உள்ளது. ஆதலின் கருவியின்மை இனிக் காரணமாகாது. எத்தகைய பதிவு வேண்டும் என்பதே வினா. திருவிழாவில் எடுக்கப்படும் சில நிமிடத் துண்டுகள் நினைவுக்கு இனியவை, மீட்டெடுப்பதற்குப் போதியவையல்ல. கம்பம் நாட்டும் இரவு முதல் மதன் உயிர்பெறும் நாள் வரை முழுமையாகப் பதிதல் வேண்டும். ஒரே கூத்தைப் பல தோட்டங்களிலும் பல ஆண்டுகளிலும் பதிந்து ஒப்புநோக்குதல் வேண்டும். தப்பின் அடிகளையும் ஆட்ட அடவுகளையும் தனித்தனியே அறிந்தோரைக் கொண்டு விளக்கிப் பதிதல் வேண்டும். அழும் அவையினரையும் உரிய மரியாதையுடனும் இசைவுடனும் பதிதல் வேண்டும்.

இவை யாவற்றிலும் முக்கியமானது உரிமை பற்றியது. டீப் பேர்ப்பிள் குழுவின் இசைத்தட்டில் இசைத்தோர் ஒவ்வொருவரின் பெயரும் உளது. ஊவாவின் தப்புக் கலைஞரோ ஆய்வேடுகளிற் பெரும்பாலும் 'தகவலாளர்' என்றே நிற்கின்றார். அவர் பெயர் பதிவின் முகப்பில் இடம்பெறுதலும், பதிவின் படியொன்று அத்தோட்டத்துப் பாடசாலையிலேயே தங்குதலும் நீதியாகும்.

இலண்டனில் ஒரு சுரப்படி தொலைந்தது; பதிவு இருந்தமையால் முப்பது ஆண்டுகளின் பின்னர் அது மீண்டது. ஊவாவில் ஒவ்வொரு மாசியிலும் ஆடியோர் தொகை குறைகின்றது. ரதியின் புலம்பலை முழுமையாக அறிந்த முதியோர் இன்னும் சிலர் வாழும் இக்காலத்திலேயே பல்கலைக்கழக மாணவர் மலையேறிச் சென்று கேட்பாராயின், நாளைய டி கூய் ஒருவர் பணிசெய்வதற்கு ஏதேனும் மிஞ்சும்.