கடலடியில் ஒரு கல்லறை

குவாந்தான் கடலுக்கு அடியில் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிப்பல்ஸ்' என்னும் இரு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் கிடக்கின்றன.

ஜப்பானியப் படை கரையிறங்குவதைத் தடுக்க, 1941 டிசம்பர் 8 மாலை அவை சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டன. காவலுக்குப் போர் விமானங்கள் இல்லை. 10ஆம் தேதி நண்பகலில் ஜப்பானிய விமானங்களின் தாக்குதலில் இரண்டுமே மூழ்கின. உடன் சென்ற கப்பல்கள் ஈராயிரத்துக்கும் மேற்பட்டோரைக் காப்பாற்றின. தளபதி டாம் பிலிப்ஸ் உட்பட 840 பேர் மாண்டனர்.

அவர்களில் பெரும்பாலோருக்குக் கப்பலின் இரும்பே கல்லறை. அந்த இரும்பையும் பழைய இரும்புக்காகப் பெயர்த்தெடுக்கிறார்கள். அந்தச் சந்தேகத்தின் பேரில் 2023ஆம் ஆண்டு சீனக் கப்பல் ஒன்றை மலேசிய அதிகாரிகள் தடுத்து வைத்தனர்.

இறந்தவர் எந்த நாட்டவரானால் என்ன? நம் கடலில் உறங்குகிறார்கள். அந்த உறக்கத்தைக் காப்பது நம் கடமையல்லவா?