எறும்பு கடிக்கிற மாதிரிதான்

என் இடது கையை முழுசாக நீட்ட முடியாது. ஒரு பத்து டிகிரி குறையும். தொழிற்சாலையில் கன்வேயருக்கு அடியில் படுத்துக்கொண்டு போல்ட்டைத் திருகும்போதுதான் அது ஞாபகத்துக்கு வரும். ஆறு வயதில், சிம்பாங் பூலாயில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ரம்புத்தான் மரத்திலிருந்து விழுந்தேன். அது 2003. கையை இழுத்து நேராக்கினார்கள். எங்கே, யார் என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள். அம்மாவை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். "ஒண்ணுமில்லடா, எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்று காலைப் பிடித்திருந்தவர் சொன்னார். வலி எனக்கு இப்போது ஞாபகமில்லை. அந்த வாக்கியம் ஞாபகமிருக்கிறது.

கதவுக்கு வெளியே நின்ற அம்மாவுக்கு எல்லாமே ஞாபகமிருக்கிறது.

ரொம்ப நாளாக இதற்கு நான் வைத்திருந்த விளக்கம் எளிமையானது: நாம் ஏழை, அதனால் அப்படி. தாத்தா பால்மரம் வெட்டியவர். தோட்டத்து டிரசர் எதற்கெடுத்தாலும் ஒரே மருந்தைத் தடவி அனுப்பிய கதைகளை அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். "நம்ம ஆளுங்களுக்கு அவ்ளோதான்" என்று முடிப்பார். ஆனால் கொஞ்ச நாளாகக் குழந்தைகளின் வலி பற்றிய மருத்துவ வரலாற்றைத் தேடிப் படித்ததில் என் விளக்கம் தப்பு என்று தெரிந்தது. பணமும் மருந்தும் நிறைந்த ஊர்களிலும் இதுதான் நடந்திருக்கிறது. சில இடங்களில் இதைவிட மோசமாக.

1985இல் வாஷிங்டனில் ஜெஃப்ரி லாசன் என்ற குழந்தை குறைமாதத்தில் பிறந்தான். இதயத்துக்குப் பக்கத்தில் மூடாமல் இருந்த ஒரு ரத்தக் குழாயைக் கட்ட அவன் நெஞ்சைத் திறந்தார்கள். தசைகளை அசையவிடாமல் செய்யும் பான்குரோனியம் மட்டும் கொடுத்தார்கள். மயக்க மருந்து இல்லை, வலி மருந்தும் இல்லை. சில வாரங்களில் குழந்தை இறந்தது. பிறகுதான் அவன் அம்மா ஜில் லாசனுக்கு விஷயம் தெரிந்தது. அவர் கேள்வி கேட்டார், கடிதங்கள் எழுதினார். 1986இல் அது பத்திரிகைக்கு வந்தது. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, இது ஒரு மருத்துவரின் தவறு இல்லை என்பது. அன்றைக்குப் பல இடங்களில் அதுதான் வழக்கம்.

எஞ்சினியராக எனக்கு இதைப் படித்தபோது வயிற்றைப் புரட்டியது. அசைவை நிறுத்தும் மருந்து சிக்னலை நிறுத்துவதில்லை, டிஸ்பிளேயை மட்டும் அணைக்கிறது. அணைத்துவிட்டு, அலாரம் ஏதும் அடிக்கவில்லையே என்கிறோம்.

எப்படி இந்த இடத்துக்கு வந்தார்கள்? ஒரு காரணம் ஆராய்ச்சி. 1941இல் மிர்டில் மெக்ரா என்ற அமெரிக்க உளவியலாளர் குழந்தைகளை ஊசியால் குத்தி, அவை எப்படி எதிர்வினை காட்டுகின்றன என்று பதிவுசெய்தார். பிறந்த சில நாள் குழந்தைகளிடம் எதிர்வினை மங்கலாக இருந்தது. அதிலிருந்து அவற்றுக்கு வலியே இல்லை என்ற முடிவுக்குப் பலர் போனார்கள். இன்னொரு காரணம் நரம்பு. பச்சைக் குழந்தையின் நரம்புகளுக்கு மயலின் உறை முழுதாக வந்திருக்காது, அதனால் வலி மூளைக்குப் போகாது என்றார்கள். உறை இல்லாத நரம்பு மெதுவாகக் கடத்தும், அவ்வளவுதான். பெரியவர்களின் உடம்பிலேயே வலியைக் கொண்டுபோகும் நரம்புகளில் பெரும்பகுதிக்கு அந்த உறை கிடையாது. குழந்தையின் உடம்பிலோ தூரமும் குறைவு.

மூன்றாவது காரணம் பயம், இதை மட்டும் கேலி செய்ய முடியாது. ஈதர் காலத்து மயக்க மருந்துகள் குழந்தைகளின் மூச்சையே நிறுத்திவிடக்கூடியவை. 1950இல் லிவர்பூலில் ஜாக்சன் ரீஸ், மயக்கத்தைக் குறைத்துத் தசைத் தளர்வு மருந்தைச் சேர்க்கும் முறையை எழுதினார். அந்த வழி குழந்தைகளைப் பிழைக்கவைத்தது. உயிரைக் காப்பாற்றிய அந்த முறையே பிறகு பழக்கமாகி, எதற்காக வந்தது என்பது மறந்துபோய், "சின்னப் பிள்ளைக்கு வலி மருந்து வேண்டாம்" என்ற விதியாகக் கெட்டித்துப்போனது என்று நினைக்கிறேன்.

அதை உடைத்தவர்களில் முக்கியமானவர் ஓர் இந்தியர். கன்வல்ஜீத் சிங் ஆனந்த், இந்தூர் மருத்துவக் கல்லூரியில் படித்து, ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனவர். அறுவை முடிந்து வார்டுக்குத் திரும்பும் குறைமாதக் குழந்தைகள், போனதைவிட மோசமான நிலையில் வருவதைக் கவனித்தார். சாம்பல் பூத்த தோல், தறிகெட்ட நாடி. காரணத்தைத் தேடி ரத்தத்தை அளந்தார். 1987இல் லான்செட் இதழில் வந்த அவரது ஆய்வில் பதினாறு குழந்தைகள்தான். பாதிப் பேருக்கு வழக்கமான முறை, பாதிப் பேருக்கு அதோடு ஃபென்டனில் என்ற வலி மருந்து. மருந்து கிடைத்த குழந்தைகளின் உடம்பில் அழுத்த ஹார்மோன்கள் மிகக் குறைவாக ஏறின, சிக்கல்களும் குறைந்தன. அதே ஆண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி, வயதை மட்டும் காரணம் காட்டி மயக்க மருந்தை மறுக்கக்கூடாது என்று அறிவித்தது.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1988இல் பிரிட்டனில் குழந்தை மயக்கவியல் மருத்துவர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. பச்சைக் குழந்தைக்கு வலிக்கும் என்று பெரும்பாலானோர் ஒப்புக்கொண்டார்கள். அறுவைக்குப் பிறகு வலுவான வலி மருந்து எழுதிக் கொடுப்பவர்களோ மிகச் சிலர். தெரிந்திருந்தது, ஆனால் கை போகவில்லை. எனக்கு இந்த வரலாற்றின் மையமே இந்த இடம்தான். மருத்துவர்கள் வலியைப் பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். அதை மறக்கவைக்க ஓர் ஆய்வுக் கட்டுரை போதாது, தனிப் பயிற்சி வேண்டும்.

அந்தப் பயிற்சியில் என்ன சொல்லித்தருகிறார்கள் என்று பார்த்தால் பாதி விஷயம் ரொம்பச் சாதாரணம். ஊசி போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மரத்துப்போகும் களிம்பைத் தடவு. படுக்கவைத்து அமுக்காதே, அம்மா மடியில் உட்காரவை. கைக்குழந்தைக்கு நாக்கில் சில சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர். (நம் வீடுகளில் சேனை வைப்பார்களே, அந்த ஞாபகம்தான் வந்தது. அதைப் பரிந்துரைக்கவில்லை, பாட்டிகள் சண்டைக்கு வரவேண்டாம்.) எலும்பை இழுத்து நேராக்குவதற்கு முன் கீட்டமின் மாதிரி ஏதாவது கொடு. "வலிக்காது" என்று பொய் சொல்லாதே.

மீதிப் பாதிதான் கஷ்டம். எடைக்கேற்ற அளவு, எந்த மருந்து யாருக்கு ஆபத்து. கோடீனை எத்தனையோ காலமாகக் குழந்தைகளுக்குக் கொடுத்து வந்தார்கள். அது உடம்பில் மார்ஃபினாக மாறும் வேகம் ஆளுக்கு ஆள் வேறு, சில குழந்தைகளுக்கு அதுவே விஷம். 2012இல் உலகச் சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கான வலி மருந்துப் படிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்து, கோடீனை விலக்கியது.

பேசத் தெரியாத பிள்ளையின் வலியை அளப்பதும் ஒரு பாடம். முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என்று ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் இரண்டு வரை மதிப்பெண். கொஞ்சம் பெரிய பிள்ளைக்கு முகப்படங்கள். அவற்றில் பிரபலமானது 1980களில் ஓக்லஹோமாவில் டோனா வோங் என்ற தாதியும் கோனி பேக்கரும் உருவாக்கியது. தீக்காயப் பிள்ளைகளோடு வேலை செய்தவர்கள் அவர்கள். வெறும் வட்டங்களைக் கொடுத்துப் பிள்ளைகளையே முகம் வரையவைத்தார்கள்.

மலேசியாவில் 2008இல் சுகாதார அமைச்சு, நாடி, ரத்த அழுத்தம், மூச்சு, உடல் வெப்பத்தோடு வலியையும் ஐந்தாவதாக எழுத வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. செலாயாங் மருத்துவமனையின் வலிச் சிகிச்சைக் குழு இதில் முன்னோடி. அமெரிக்காவில் இதே 'ஐந்தாவது குறி' ஓபியாய்டு மருந்துகள் அளவுக்கு மீறிப் போனதற்கு ஒரு காரணம் என்று சொல்லி, 2016இல் அங்குள்ள மருத்துவர் சங்கமே அதைக் கைவிடச் சொன்னது. அந்த எச்சரிக்கை நியாயமானதுதான். ஆனால் நான்கு பேர் பிடித்துக்கொண்ட பிள்ளையிடம் யாரும் எண்ணே கேட்கவில்லை என்பதும் என் மனசில் இருக்கிறது. 2003க்கும் 2008க்கும் நடுவில் ஐந்து வருஷம். அவ்வளவுதான் நான் தவறவிட்டது.

போன வருஷம் அக்கா மகள் சைக்கிளிலிருந்து விழுந்து நெற்றியைக் கிழித்துக்கொண்டாள். நானும் அம்மாவும் கூடப் போனோம். மிஸ்ஸி காயத்தில் ஜெல்லைத் தடவிவிட்டுக் காத்திருக்கச் சொன்னார். பாப்பா அக்கா மடியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஆறு முகங்கள் உள்ள அட்டையை நீட்டி, "எது நீ?" என்று கேட்டார்கள். நாலாவதைத் தொட்டாள். ஆறு என்று எழுதிக்கொண்டார்கள்.

அம்மா அந்த அட்டையை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் என் கையைப் பார்த்தார்.

"ஒனக்கு அன்னிக்கு எதுடா?"

நான் இரண்டாவது முகத்தைக் காட்டினேன்.

"பொய் சொல்லாத" என்றார்.