கையெழுத்துக்கு முன்னால்

முதுகுவலிக்கு எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடும் ஒரு நிலையத்துக்குத் தூத்துக்குடியில் போயிருந்தேன். நான்கு பக்க ஆங்கிலப் படிவத்தை நீட்டினார்கள். "எல்லாரும் போடுறதுதாங்க்கா, கடைசிப் பக்கத்துல மட்டும் போடுங்க" என்றாள் மேசையிலிருந்த பெண். துணைக்கு வந்திருந்த பெரியம்மா, ஆயுள் முழுக்க உப்பளத்தில் உழைத்தவர், "என்ன எழுதியிருக்குன்னு கேளுளா" என்றார். வாசித்தேன். ஏதாவது ஆனால் நிலையம் பொறுப்பல்ல என்பது ஆறு இடங்களில் இருந்தது. என் உடம்பில் எங்கெங்கே கை வைப்பார்கள், வைப்பது ஆணா பெண்ணா என்பது ஓரிடத்திலும் இல்லை.

இந்தக் காகிதம் பிறந்தது நிலையங்களைக் காப்பாற்ற அல்ல. 1908இல் நியூயார்க் மருத்துவமனையில் மேரி ஷ்லோண்டார்ஃப் என்ற பெண், மயக்கம் கொடுத்துப் பரிசோதிக்க மட்டும் ஒப்புக்கொண்டார். அறுவை வேண்டாம் என்று சொல்லியிருந்தார். மயக்கத்திலேயே கட்டியை அகற்றிவிட்டார்கள். தன் உடம்பில் என்ன நடக்கலாம் என்று முடிவு செய்யும் உரிமை அவரவருக்கே என்று 1914இல் நீதிபதி கார்டோசோ எழுதினார். ஆனாலும் வழக்கில் மேரி தோற்றார். உரிமை ஊருக்கு, தோல்வி அவளுக்கு!

நம் நாட்டில் 1985இல் ஐதராபாத் அருகே பட்டன்சேருவில் நெட்-என் கருத்தடை ஊசியைக் கிராமத்துப் பெண்களுக்குப் போட ஏற்பாடானது. அது சோதனை என்பதே அவர்களுக்குத் தெரியாது. ஸ்திரீ சக்தி சங்கடனா தோழியர் நேரில் போய்க் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் போனார்கள்.

சமீரா கோலியின் வழக்கை மாணவிகள் அவசியம் படிக்க வேண்டும். மணமாகாதவர், வயது 44. மாதவிடாய்ப் போக்கு நிற்காமல் 1995 மே மாதம் டெல்லியில் ஒரு மருத்துவரிடம் போனார். லேப்ராஸ்கோப்பிப் பரிசோதனைக்குக் கையெழுத்திட்டார். அவர் மயக்கத்தில் கிடக்க, உதவி மருத்துவர் வெளியே வந்து தாயாரிடம் இன்னொரு சம்மதம் வாங்கினார். கர்ப்பப்பை, சினைப்பைகள், சினைக்குழாய்கள் எல்லாம் போயின. நுகர்வோர் தேசிய ஆணையம் அவர் புகாரைத் தள்ளியது. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது: வயது வந்த, சுயநினைவு திரும்பக்கூடிய பெண்ணுக்காகத் தாய் சம்மதிக்க முடியாது, உயிராபத்து இல்லையென்றால் விழிக்கும்வரை காத்திருக்க வேண்டும், பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது. இழப்பீடு 25,000 ரூபாய். பதின்மூன்று வருஷத்துக்கு அவ்வளவுதான்.

பெண்ணின் உடம்புக்கு அம்மா, கணவன், மாமியார் என்று யாராவது கையெழுத்திடலாம் என்பது வீட்டுப் பழக்கம். அதே பழக்கம்தான் ஆஸ்பத்திரிக்குள்ளும் செருப்பைக் கழற்றாமல் நுழைகிறது.

எங்கள் கடலில் முத்துக்குளித்த காலத்தில், மூழ்கியவர் கயிற்றை அசைத்தால் மேலேயிருப்பவர் உடனே இழுக்க வேண்டும். இறங்கச் சம்மதித்தாரே என்று யாரும் விட்டுவைப்பதில்லை. ஆகவே மேசைப் பெண்ணிடம் கேட்டேன்: "பாதியில வேண்டாம்னு தோணுச்சுன்னா?"

அவள் படிவத்தைப் புரட்டிப் பார்த்தாள். "அப்படி யாரும் கேட்டதில்லக்கா" என்றாள். பிறகு பேனாவை எடுத்து, கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் அதைத் தமிழில் எழுதித் தந்தாள். அதன் கீழே கையெழுத்திட்டேன்.