ஒலிபெருக்கி இல்லாத மேடை

மாளிகையிலே பிறந்து, பிறகு குடிசையைத் தேடி வரும் கட்சிகள் உண்டு. பெரியமனிதர் நால்வர் கூடிப் பெயர் சூட்டுவர். கொடிக்கு வண்ணம் குறிப்பர். அதன் பின்னரே, கொடியைத் தூக்க ஆள் உண்டா என்று சுற்றுமுற்றும் பார்ப்பர். அவ்வாறன்றி, மக்கள் முதலில், இயக்கம் அடுத்து, கட்சி கடைசியில் என்ற வரிசையில் வளர்ந்த ஒன்றைப் பற்றி இங்கே எழுதுகிறோம். பிரேசில் நாட்டின் தொழிலாளர் கட்சி அது. 1980 பிப்ரவரி 10ஆம் நாள், சாவோ பாலோ நகரில், கிறித்தவக் கன்னியர் நடத்திய பள்ளிக்கூடம் ஒன்றில் அது பிறந்தது.

பிறந்த காலம் எத்தகையது? 1964இல் படைத்தலைவர்கள் ஆட்சியைப் பறித்தனர். 1985 வரை பிடியை விடவில்லை. இருந்த கட்சிகளையெல்லாம் கலைத்தனர். கொடுங்கோலர் என்ற பெயர் மட்டும் வேண்டாம் என்று எண்ணினர் போலும், இரண்டே இரண்டு கட்சிகளைத் தாமே அனுமதித்தனர். ஆள்வதற்கு ஒன்று, எதிர்ப்பதற்கு ஒன்று! மக்கள் விடுவார்களா? முதலாவதை 'ஆமாம் ஐயா' கட்சி என்றும், இரண்டாவதை 'ஆம்' கட்சி என்றும் எள்ளி நகையாடினர். தொழிற்சங்கங்கள் இருந்தன, ஆனால் கடிவாளம் அமைச்சரின் கையில். வேண்டாத சங்கத் தலைவரை வீட்டுக்கு அனுப்ப ஓர் ஆணை போதும்.

இந்நிலையில் 1977இல் ஓர் உண்மை வெளிவந்தது. 1973ஆம் ஆண்டின் விலைவாசி உயர்வை அரசு குறைத்துக் காட்டியிருந்தது. அந்தக் கணக்கை வைத்துத்தான் கூலி நிர்ணயமாயிற்று. கணக்கைத் திருத்திப் பார்த்தால், தொழிலாளர் இழந்த கூலி 34.1 விழுக்காடு! கொள்ளையருக்குக் கத்தி வேண்டும். ஆளவந்தார்க்குப் புள்ளிவிவரமே போதுமானதாக இருந்தது. சாவோ பெர்னார்டோ நகர உலோகத் தொழிலாளர் சங்கம் அந்த 34.1ஐத் திருப்பிக் கேட்டது. அச்சங்கத்தின் தலைவர், வறண்ட வடகிழக்குப் பகுதியிலிருந்து சிறுவயதில் லாரியில் ஏறித் தாயுடன் பிழைப்புத் தேடி வந்த லேத் தொழிலாளி. பட்டறையில் ஒரு விரலை இழந்தவர். பெயர் லூலா.

1978 மே 12. ஸ்கானியா லாரித் தொழிற்சாலைக்குத் தொழிலாளர் வழக்கம்போல் வந்தனர், வருகையைப் பதித்தனர், பொறிகளின் முன் நின்றனர், கைகளைக் கட்டிக்கொண்டனர். ஒரு பொறியும் ஓடவில்லை. முழக்கமில்லை, கல்லெறியில்லை. அந்த அமைதி பக்கத்து ஆலைகளுக்கும் பரவிற்று.

மறு ஆண்டு மார்ச்சு மாதம் நடந்ததை நாம் சற்று நின்று காணவேண்டும். வேலைநிறுத்தக் கூட்டத்துக்கு விலா யூக்ளிடஸ் என்னும் பந்தாட்டத் திடலைத் தேர்ந்தனர். பல்லாயிரவர் திரண்டுவிட்டனர். மேடை இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. மேசைகளைச் சேர்த்துப்போட்டு அதன்மேல் ஏறினார் லூலா. ஒரு வாக்கியம் சொல்வார், நிறுத்துவார். அருகே நின்றவர்கள் அதைத் திரும்பிப் பின்வரிசைக்குச் சொல்வர். அவர்கள் தம் பின்னுள்ளோர்க்கு. அலை போலச் சென்று, திடலின் கடைசி மனிதன் செவியில் அது விழுந்த பிறகே அடுத்த வாக்கியம். கேட்பவன் ஒவ்வொருவனும் பேசுபவனும் ஆனான்! பேச்சைக் கேட்டுவிட்டுக் கலைந்து செல்லும் கூட்டமன்று அது. தலைவன் சொல்லைத் தன் வாயால் சொல்லிப் பார்த்து, தன்னுடையதாக்கிக்கொண்ட கூட்டம். அக்கட்சியின் கரு அந்தத் திடலில்தான் உருவாயிற்று என்று நாம் கருதுகிறோம்.

1980இல் 41 நாள் வேலைநிறுத்தம். திடலின்மேல் இராணுவ ஹெலிகாப்டர்கள் தாழப் பறந்தன. லூலாவுக்கு 31 நாள் சிறை. திடலை அடைத்தபோது நகரின் தேவாலயம் கதவைத் திறந்துவிட்டது. மதபீடம் என்றதும் முகம் சுளிக்கும் நண்பர்கள் உண்டு. நாமும் அந்த வரிசையினரே. ஆயினும் உள்ளதைச் சொல்லவேண்டும். அந்நாட்டுச் சேரிகளில் விவிலியம் படிக்கக் கூடிய சிறு குழுக்கள், 'நமக்கு ஏன் தண்ணீர்க் குழாய் இல்லை?' என்ற கேள்வியில் வந்து முடிந்தன. தாய்மார் சங்கங்கள் விலைவாசியை எதிர்த்து 12 இலட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களை 1978இல் திரட்டின. படைத்தலைவர்களின் காவலர் தலைவர்களைத் தேடிக்கொண்டிருந்தனர்; இயக்கமோ அடுக்களையிலிருந்து புறப்பட்டு வந்தது.

இவ்வளவு இருந்தும் கட்சி எதற்கு? 1978இல் ஒரு சட்ட முன்வடிவை எதிர்த்து வாதாட லூலா தலைநகர் சென்றார். நாடாளுமன்றத்தில் தொழிலாளர் என்று சொல்லத்தக்கவர் இருவர் மட்டுமே இருக்கக் கண்டதாகப் பின்னர் அவரே கூறினார். நமக்காகப் பேச அங்கே யாருமில்லை, நாமே போகவேண்டும் என்ற எண்ணம் அப்படித்தான் வலுப்பெற்றது. எதிரணியை உடைக்காதீர் என்று கற்றறிந்தோர் பலர் தடுத்தனர். கேட்கவில்லை. சங்கத்தாருடன் ஸ்பெயின் போரில் குண்டேந்திய முதிய போராளி அப்போலோனியோ, கலைத் திறனாய்வாளர் பெட்ரோசா, வரலாற்றறிஞர் சேர்ஜியோ புவார்க்கி ஆகியோரும் தொடக்க நாளில் கையொப்பமிட்டனர்.

புதிய கட்சி ஒன்பது மாநிலங்களில், ஐந்தில் ஒரு பங்கு ஊர்களிலாவது அமைப்பு காட்டவேண்டும் என்றது சட்டம். காட்டினர். ஆனால் சட்டம் அறியாத ஒன்றையும் கட்டினர். தெருவிலும் ஆலையிலும் கூடும் அடித்தளக் குழுக்கள் அவை. முடிவுகள் முதலில் அங்கே. சட்டத்துக்காகக் கூட்டும் மாநாடு அவற்றை உறுதி செய்வதற்கு மட்டும்.

எழுத்தறியாதார்க்கு 1985 வரை அந்நாட்டில் வாக்குரிமையே இல்லை என்பதை, கரும்பலகைக்கு முன் நிற்கும் நாம் மறக்க முடியவில்லை. 1963இல் ஆங்கிகோஸ் என்னும் சிற்றூரில் ஏறத்தாழ 300 உழைப்பாளிகளுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவிக்க முனைந்தார் பாலோ ஃப்ரெய்ரே. பரிசு என்ன? 1964இல் சிறை, பின் நாடு கடந்த வாழ்வு. நாடு திரும்பிய அவர் இக்கட்சியில் சேர்ந்தார். 1988இல் கட்சியின் லூயிசா எருண்டினா என்ற பெண்மணி சாவோ பாலோ மேயராக வென்றபோது, அம்மாநகரின் கல்விப் பொறுப்பு அவரிடம் வந்தது. அதே தேர்தலில் வென்ற போர்ட்டோ அலெக்ரே நகரிலோ, வரவுசெலவுத் திட்டத்தில் தெருவுக்குச் சாக்கடையா, பள்ளியா என்பதை மக்கள் கூடி வரிசைப்படுத்தினர்.

இடர் எங்கே தொடங்கிற்று? வெற்றியிலேதான். 1982இல் கட்சி வென்ற முதல் நகரங்களுள் ஒன்று டியடேமா. மேயரானவர் யார் தெரியுமா? ஸ்கானியாவில் கைகட்டி நின்ற வேலைநிறுத்தத்தின் தலைவர் ஜில்சன் மெனேசஸ். ஊரை ஆள்வது மேயரா, கட்சிக் குழுவா என்ற சண்டை மூண்டது. இறுதியில் அவர் கட்சியை விட்டே வெளியேறினார். அடித்தளக் குழுக்களும் எண்பதுகளிலேயே மெலிந்தன. சட்டமன்ற அலுவலகமும் நகராட்சி நாற்காலியும் செயல்வீரர்களை ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டன.

மூன்று முறை தோற்ற லூலா, 2002இல் வென்று குடியரசுத் தலைவரானார். அத்தேர்தலில் அவர் குரலை மக்களிடம் கொண்டு சேர்த்தவர் டூடா மென்டோன்சா என்னும் விளம்பர நிபுணர். முன்னர் வலதுசாரி மலூஃபுக்கு வாக்குத் திரட்டித் தந்தவர்! தம் ஊதியத்தில் ஒரு பகுதி வெளிநாட்டுக் கணக்கில் வந்தது என்று 2005இல் நாடாளுமன்றக் குழுமுன் அவர் சொன்னபோது, கட்சியின் உறுப்பினர் சிலர் அழுதனர். அவரை நீதிமன்றம் 2012இல் விடுவித்தது. ஆனால் கூட்டணிக் கட்சிகளின் ஆதரவைப் பணத்தால் வாங்கிய வழக்கில் கட்சியின் முன்னாள் தலைவர்கள் தண்டனை பெற்றனர். வாய்வழி சென்ற சொல்லுக்குச் செலவில்லை. விளம்பரத்துக்குப் பணம் வேண்டும். பணம் வந்த வழி அதுவாயிற்று.

ஆட்சி வீணாயிற்று என்போர் கூற்றை நாம் ஏற்கவில்லை. ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்கு உதவித்தொகை சென்றது. 2014இல் உலகப் பட்டினி வரைபடத்திலிருந்து பிரேசில் நீங்கியது. பசித்த வயிறு அறியும் அதன் அருமை. ஆனால் உதவி பெற்றவரைப் பயனாளி என்றனர். அவரை உடன் அமர்த்தி முடிவெடுக்கச் செய்த குழு எங்கே? 2016இல் தில்மா ரூசெஃபை நாடாளுமன்றம் பதவி நீக்கியபோது அதைத் தடுக்கத்தக்க பலம் கட்சிக்கு உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை.

2018 ஏப்ரலில் லூலா சிறை புகுமுன் சென்ற இடம், சாவோ பெர்னார்டோவின் அதே சங்கக் கட்டடம். மக்கள் அவரைத் தோளில் சுமந்தனர். சிறையிருந்த 580 நாளும் குரிட்டிபா நகரில் வெளியே முகாமிட்டிருந்தோர், காலைதோறும் சுவரைத் தாண்டிக் கேட்கும்படி வணக்கம் கூவினர். 2021இல் தண்டனைகள் செல்லாமற் போயின, 2022இல் 50.9 விழுக்காடு வாக்குடன் மீண்டும் வென்றார். அன்று 513 உறுப்பினர் கொண்ட கீழவையில் அவர் கட்சிக்குக் கிடைத்தவை எழுபதைத் தொடவில்லை.

விலா யூக்ளிடஸ் திடலுக்கு மே முதல்நாள் அரங்கம் என்று இப்போது பெயர். அது இருக்கும் சாவோ பெர்னார்டோவில் 2016, 2020, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் மேயர் பதவி தொழிலாளர் கட்சிக்குக் கிட்டவில்லை. 2020இல் மீட்ட டியடேமாவையும் 2024இல் அது இழந்தது.